வீல் ஸ்பேசர்: ‘ஒண்ணும் ஆகாது பிரதர்’ என்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

புது அலாய் வீல் மாட்டி முடித்ததும் பலரும் செய்யும் முதல் வேலை, காரை விட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்ப்பதுதான். அப்போதுதான் கண்ணில் படும், டயர் இன்னும் உள்ளேயே பதுங்கிக் கிடப்பது. ஃபெண்டர் விளிம்புக்கும் டயருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. இன்ஸ்டாகிராமில் பார்த்த காரில் ரெண்டும் ஒரே கோட்டில் நின்றதே? கடைக்காரரிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். “15 எம்எம் ஸ்பேசர் போட்டுடலாம் பிரதர், அரை மணி நேர வேலை. ஒண்ணும் ஆகாது.”

ஸ்பேசர் என்பது, கார் அச்சின் நுனியில் இருக்கும் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்கும் ஓர் உலோக வட்டு. அது எத்தனை மில்லிமீட்டர் தடிமனோ, அத்தனை மில்லிமீட்டர் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். இவ்வளவு எளிமையான பொருளைப் பற்றி உலகம் ஒருமனதாக இல்லை. போர்ஷே நிறுவனம் சில மாடல்களுக்கு 5 மில்லிமீட்டர் ஸ்பேசரைத் தானே விருப்பத் தேர்வாக விற்றிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வாகன மாற்ற விதித் தொகுப்போ, கார் நிறுவனமே போட்டுத் தராத ஸ்பேசருக்குப் பொதுவாக இடம் தருவதில்லை. ஒரே வட்டு, இரண்டு எதிரெதிர் தீர்ப்பு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஸ்பேசர் தன்னளவில் ஆபத்தானது அல்ல, ஆனால் தவறாக மாட்டிவிடுவது மிகச் சுலபம். மாட்டியதில் தவறு இருப்பது நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில்தான் தெரியவரும். அந்த நேரத்தில் கழன்று ஓடும் சக்கரம் காருக்குள் இருப்பவரைவிடப் பக்கத்தில் பைக்கில் வருபவருக்குத்தான் பெரிய எமன்.

எனவே போடலாமா வேண்டாமா என்று ஒற்றை வரியில் பதில் சொல்வதில் பயனில்லை. எப்போது போடலாம், எதைப் பார்த்து வாங்க வேண்டும், எந்த இடத்தில் ‘வேண்டாம் அண்ணே’ என்று எழுந்து வர வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் பேனாவை எடுங்கள்

சக்கரம் எவ்வளவு வெளியே நிற்கும் என்பதை முடிவு செய்வது ஆஃப்செட். ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுக்கோட்டிலிருந்து, ஹப்போடு ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதே அது. ரிம்மின் உட்புறத்தில் ‘இ.டி.’ என்ற ஜெர்மன் சுருக்கத்தோடு ஓர் எண் பொறித்திருக்கும். இ.டி. 45 என்றால் ஒட்டும் முகம் நடுக்கோட்டிலிருந்து 45 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் இருக்கிறது, அதனால் சக்கரம் அவ்வளவு உள்ளே போய் உட்காரும். எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். 15 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டால் இ.டி. 45 சக்கரம் இ.டி. 30 சக்கரம் போல நிற்கும். ஸ்பேசர் செய்வது இவ்வளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. பழைய ரிம் 5.5 இன்ச் அகலம், இ.டி. 45. புதியது 7 இன்ச், இ.டி. 40. ரிம் அகலத்தில் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் வெளிப்பக்க அளவு கிடைக்கும். பழையது 69.85-இல் 45 போக ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். புதியது 88.9-இல் 40 போக 49. அதாவது ஸ்பேசரே இல்லாமல் ரிம் ஏற்கெனவே 24 மில்லிமீட்டர் வெளியே வந்துவிட்டது. உள்பக்கத்துக்குக் கழிப்பதற்குப் பதில் கூட்ட வேண்டும். பழையது 115, புதியது 129. உள்ளேயும் 14 மில்லிமீட்டர் கூடுதலாகப் போயிருக்கிறது. அங்கே இருப்பது சஸ்பென்ஷன் ஸ்ட்ரட். டயர் அதில் உரசினால், அப்போது 5 மில்லிமீட்டர் ஸ்பேசர் ஒரு நியாயமான மருந்து.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பாதிப் பேருக்கு ஸ்பேசரே தேவைப்படாது. இன்னும் சக்கரம் வாங்கவில்லை என்றால் விஷயம் இன்னும் சுலபம். உங்களுக்கு வேண்டிய நிலைப்பாடு இ.டி. 30-இல் கிடைக்கும் என்றால், இ.டி. 30 சக்கரத்தையே தேடுங்கள். இ.டி. 45 வாங்கி 15 மில்லிமீட்டர் வட்டு வைத்து அதே இடத்துக்கு வருவது, சட்டை பெரிதாக வாங்கிவிட்டு ஊக்கு குத்திப் போட்டுக்கொள்வது மாதிரி. கடையில் இருப்பது அந்த டிசைன் மட்டும்தான் என்பதற்காக ஸ்பேசர் விற்கப்படுவதுதான் இங்கே அதிகம் என்பது என் சந்தேகம்.

டயரையும் மறக்கக் கூடாது. 185-லிருந்து 205-க்கு மாறினால் பக்கத்துக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் டயரே எடுத்துக்கொள்ளும்.

சக்கரத்தைப் பிடித்திருப்பது எது?

சக்கரம் நான்கு அல்லது ஐந்து ஸ்டட்டுகளின் மேல் ‘தொங்குகிறது’ என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒரு வரிசைப் புத்தகங்களை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தித் தூக்கிப் பாருங்கள். நடுவில் இருக்கும் புத்தகம் எதன் மேலும் உட்காரவில்லை, ஆனாலும் விழாது. அழுத்தமும் உராய்வும் அதைப் பிடித்திருக்கின்றன. சக்கரமும் ஹப்பும் சேர்ந்திருப்பது இப்படித்தான். நட்டை முறுக்கும்போது ஸ்டட் ரப்பர் மாதிரி மிகக் கொஞ்சமாக நீள்கிறது. நீண்ட ஸ்டட் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் சக்கரத்தை ஹப்போடு நசுக்கி ஒட்டவைக்கிறது.

எவ்வளவு நசுக்குகிறது? 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் நட்டை 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால், மரை காய்ந்த நிலையில் இருக்கும் பட்சத்தில், அந்த ஒரு ஸ்டட் கொடுக்கும் அழுத்தம் தோராயமாக 4 டன். நாலு ஸ்டட்டுக்கு 16 டன். சின்னக் காரின் மொத்த எடையே ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கும். பள்ளம், பிரேக், வளைவு எல்லாவற்றையும் தாங்குவது இந்த நசுக்கல்தான். அது இருக்கும்வரை ஸ்டட்டுகள் பக்கவாட்டு அடியை நேரடியாக வாங்குவதில்லை. நசுக்கல் குறைந்தால் சக்கரம் கண்ணுக்குத் தெரியாத அளவில் அசையத் தொடங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் ஒரு முறை வளைந்து நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து உடைக்கிறோமே, அதே கதை. ஸ்பேசர் போட்ட கார்களில் ‘ஸ்டட் உடைஞ்சிடுச்சு’ என்று கேள்விப்படும் சம்பவங்களில் பெரும்பாலும் உடைவது கடைசியாக நடந்த விஷயம். முதலில் நடந்தது நட்டு தளர்ந்தது.

இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தானாக விளங்கும். ஸ்பேசர் வரும்போது புத்தக வரிசையில் இன்னொரு புத்தகம் சேர்கிறது. ஒன்றோடொன்று ஒட்ட வேண்டிய முகங்கள் கூடுகின்றன. ஹப்பில் துருச் செதில் இருந்தால், ஸ்பேசர் முகத்தில் தடிமனான பெயின்ட் இருந்தால், நூறு கிலோமீட்டர் ஓடியதும் அது நசுங்கிப் பொடியாகும். அந்த நூலளவு இடைவெளி போதும், ஸ்டட்டின் இழுப்பு காணாமல் போக. பல கார்களில் பிரேக் டிஸ்க்கைப் பிடிக்க ஒரு சின்ன ஸ்க்ரூவோ கிளிப்போ இருக்கும். சக்கரத்தின் பின்பக்கம் அதற்குப் பள்ளம் இருப்பதால் பிரச்சினை வராது. தட்டையான ஸ்பேசரில் அந்தப் பள்ளம் இல்லாவிட்டால், வட்டு முழுக்கப் படியாமல் ஓர் ஓரம் தூக்கி நிற்கும். அதன் மேல் எவ்வளவு முறுக்கினாலும் வீண்.

ஸ்பேசருக்குப் பதில் ஸ்டட்டுகளில் வாஷர் அடுக்கும் ‘ஐடியா’வும் உண்டு. அதைச் செய்பவரிடம் காரின் சாவியைக் கூடக் கொடுக்காதீர்கள். முழு முகமும் ஒட்ட வேண்டிய இடத்தில் நாலு சின்ன வளையம் மட்டும் தாங்கி நிற்கும். இரண்டு ஸ்பேசரை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவதும் அதே ரகம்தான்.

எத்தனை சுற்று ஏறுகிறது?

மாருதி, ஹூண்டாய், டொயோட்டா போன்றவற்றில் ஹப்பிலிருந்து ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும், வெளியிலிருந்து நட்டு போடுவோம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, பிஎம்டபிள்யூ கார்களில் ஹப்பில் ஓட்டைதான், போல்ட்டை உள்ளே முறுக்குவோம். ஸ்டட் உள்ள காரில் 10 மில்லிமீட்டர் வட்டைச் செருகினால், நட்டு பிடிக்க வேண்டிய மரையில் 10 மில்லிமீட்டர் போச்சு.

குறைந்தபட்சம் ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை பிடித்திருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் பின்பற்றப்படும் விதி. 12 மில்லிமீட்டர் ஸ்டட், மரை இடைவெளி 1.5 என்றால் 8 முழுச் சுற்று. இடைவெளி 1.25 என்றால் கிட்டத்தட்ட 10 சுற்று. 14 மில்லிமீட்டர், 1.5 இடைவெளி என்றால் 9 சுற்றுக்கு மேல். சோதிப்பது ரொம்பச் சுலபம். ஸ்பேசரும் சக்கரமும் வைத்த பிறகு நட்டைக் கையால் ஏற்றி, இறுகும்வரை எத்தனை சுற்று போகிறது என்று நீங்களே எண்ணுங்கள். ஐந்து சுற்றில் நின்றால் அங்கேயே கழற்றச் சொல்லுங்கள். ‘டைட்டாதான் இருக்கு’ என்பார்கள். டைட்டாகத்தான் இருக்கும், ஆனால் மொத்தச் சுமையும் ஐந்தே மரையில்.

இதற்குத் தீர்வு ஹப்பில் நீளமான ஸ்டட் அடிப்பது, அல்லது போல்ட் வகைக் காரில் ஸ்பேசர் தடிமனுக்கு ஏற்ப நீளமான போல்ட் வாங்குவது. இரண்டிலும் ஒரு பொறி இருக்கிறது. நீளமான ஸ்டட்டுக்கு, மூடிய தலை கொண்ட பழைய நட்டைப் போட்டால், ஸ்டட்டின் நுனி நட்டின் உள்ளே போய் முட்டிக்கொள்ளும். கைக்கு இறுகியது போலத் தெரியும், சக்கரமோ நசுங்கவே இல்லை. நீளமான போல்ட்டில் சிக்கல் தலைகீழாக வரும். ஸ்பேசர் இல்லாமல் அதைப் போட்டால் ஹப்பைத் தாண்டி உள்ளே நீண்டு, பின்னால் சுழலாமல் நிற்கும் பாகங்களில், டிரம் பிரேக் இருந்தால் அதன் உள் பாகங்களில், போய் இடிக்கும்.

நட்டு உட்காரும் இருக்கையும் பொருந்த வேண்டும். சந்தையில் விற்கும் அலாய்களில் பெரும்பாலானவை கூம்பு இருக்கை கொண்டவை. ஃபோக்ஸ்வாகன், ஹோண்டா நிறுவனங்களின் ஒரிஜினல் சக்கரங்களில் இருப்பது உருண்டை இருக்கை. கூம்புக் குழியில் உருண்டைத் தலை போல்ட் உட்கார்ந்தால் ஒட்டுவது ஒரு மெல்லிய கோடு மட்டுமே.

பேலன்ஸ் சரி, ஆனாலும் ஸ்டீயரிங் நடுங்குகிறதே?

ஹப்பின் நடுவில் ஓர் உயர்ந்த வளையம் உண்டு. சக்கரத்தின் நடு ஓட்டை அதில் இறுக்கமாக உட்கார்வதால்தான் சக்கரம் அச்சுக்குச் சரியான மையத்தில் நிற்கிறது. ஸ்விஃப்டில் அந்த விட்டம் 54.1 மில்லிமீட்டர், இந்தியாவில் விற்ற போலோவில் 57.1. சந்தை அலாய்கள் எல்லாக் காருக்கும் பொருந்த வேண்டும் என்று 67.1 அல்லது 73.1 மில்லிமீட்டர் ஓட்டையோடு வரும். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்ற வளையம் போட வேண்டும்.

ஸ்பேசர் வைத்தால் இந்த வளையத்துக்கு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. 3 அல்லது 5 மில்லிமீட்டர் வட்டு என்றால் ஹப்பின் வளையம் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து சக்கரத்தையும் தாங்கும். தடிமனான, தரமான ஸ்பேசரில் அதன் முகத்திலேயே புதிதாக ஒரு வளையம் கடைந்திருப்பார்கள். இதைத்தான் ஹப்-சென்ட்ரிக் என்கிறோம். சங்கடமான அளவு நடுவில் இருப்பது, அதாவது 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை. ஹப்பின் வளையத்தை வட்டு முழுசாக விழுங்கிவிடும், ஆனால் சொந்தமாக ஒரு வளையம் கடைய அதில் போதிய சதை இருக்காது. உங்கள் ஹப்பின் வளைய உயரத்தை அளக்காமல் இந்தத் தடிமனை வாங்காதீர்கள்.

மையம் தவறினால் 80, 90 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். உடனே பேலன்சிங் கடைக்குப் போவோம். அங்கே இயந்திரம் பூஜ்யம் காட்டும். திரும்பவும் நடுங்கும். இன்னொரு கடை, இன்னொரு முன்னூறு ரூபாய். இயந்திரம் பொய் சொல்லவில்லை. பேலன்சிங் இயந்திரத்தில் சக்கரத்தை ஒரு கூம்பு நடுவில் பிடித்துக்கொள்கிறது, அங்கே அது மையத்தில்தான் சுற்றுகிறது. காரில் மாட்டும்போதுதான் அரை மில்லிமீட்டர் தள்ளிப்போகிறது. பேலன்ஸ் சரியாக இருந்தும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது ஸ்பேசரையும் ஹப் ரிங்கையும்தான்.

‘யுனிவர்சல்’ என்று அட்டையில் போட்டு, 4 ஓட்டை, 5 ஓட்டை எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி நீளமான பிளவுகள் வெட்டிய வட்டுகளைத் தவிர்க்க இதைவிடக் காரணம் வேண்டாம். மைய வளையம் கிடையாது. பிளவுகள் போக, சக்கரத்தோடு ஒட்டும் பரப்பும் குறைவு. வார்ப்பில் ஊற்றிய மலிவு வட்டுகள் வெடிக்கக்கூடியவை. ஃபோர்ஜ் செய்த அல்லது கட்டி அலுமினியத்திலிருந்து கடைந்த, 6061-டி6 போன்ற தரம் குறிப்பிட்ட, உங்கள் காரின் ஓட்டை வட்டமும் மைய விட்டமும் எண்ணாகப் பொறித்த வட்டைக் கேளுங்கள். எண் இல்லாத வட்டு எந்தக் காருக்கானதும் அல்ல.

20 மில்லிமீட்டருக்கு மேல் போனால்

இங்கே வேறு வகை வருகிறது. இந்த ஸ்பேசர் முதலில் ஹப்பின் ஸ்டட்டுகளில் தனி நட்டுகளால் இறுக்கப்படும். அதன் முகத்தில் புதிய ஸ்டட்டுகள் இருக்கும், சக்கரம் அவற்றில் மாட்டப்படும். மரை நீளம் குறையும் பிரச்சினை இதில் இல்லை. தார், ஜிம்னிக்காரர்கள் 25, 30 மில்லிமீட்டர் என்று போடுவது இதைத்தான். போலோவின் 5x100 ஹப்பில் 5x112 சக்கரம் மாட்ட உதவும் அடாப்டரும் இதே குடும்பம்.

இதில் இரண்டு விஷயம். பழைய ஸ்டட்டின் நுனி ஸ்பேசரைத் தாண்டி நீட்டினால் சக்கரம் முழுசாகப் படியாது, சக்கரத்தின் பின்பக்கம் அதற்கான குழி இருந்தால் தவிர. சில கடைகளில் கிரைண்டர் வைத்து ஸ்டட்டை வெட்டிவிடுவார்கள். வெட்டிய பிறகு பழைய சக்கரத்துக்கு அந்த ஸ்டட் போதாமல் போகலாம். எனவே திரும்பும் வழி அடைபட்டது என்று தெரிந்தே சம்மதியுங்கள். அடுத்தது, உள்ளே இருக்கும் நட்டுகள் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. சக்கரத்தைக் கழற்றாமல் அவை தளர்ந்ததா என்று பார்க்கவே முடியாது.

ஸ்டீயரிங்குக்கும் பேரிங்குக்கும் என்ன கணக்கு?

சக்கரம் வெளியே நகர நகர, பேரிங் மேல் விழும் நெம்பு கூடும். 5 மில்லிமீட்டரில் அது அற்பம், 30-இல் அற்பம் அல்ல. அதோடு நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேரிங் சீக்கிரம் ‘ஊம்’ என்று பாட ஆரம்பிக்கலாம்.

முன்சக்கரத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஸ்டீயரிங் திரும்பும் அச்சைக் கற்பனையில் கீழே நீட்டினால் அது சாலையை ஓர் இடத்தில் தொடும். அந்தப் புள்ளிக்கும் டயர் பதியும் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரத்தைக் கார் நிறுவனம் மில்லிமீட்டர் கணக்கில் தீர்மானித்திருக்கிறது. ஒரு பக்கச் சக்கரம் ஈர மண்ணிலும் மறுபக்கம் தாரிலும் இருக்கும்போது பிரேக் அடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்காமல் இருப்பதற்கான ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று. பல முன்சக்கர இயக்கக் கார்களில் இந்தப் புள்ளி வேண்டுமென்றே டயரின் நடுவைத் தாண்டி வெளிப்பக்கம் வைக்கப்படுகிறது. 20 மில்லிமீட்டர் ஸ்பேசர் அந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடும். பள்ளத்தில் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுப்பதும், லாரிகள் பதித்த தடத்தில் கார் தானாக அலைவதும் இதன் அறிகுறிகள். ஓட்டத்துக்காக அல்ல, தோற்றத்துக்காகத்தான் போடுகிறோம் என்றால், முன்னால் எவ்வளவு குறைவாக வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

உரசலைச் சோதிக்க வெறும் கார் போதாது. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் சாமான், ஸ்டீயரிங் முழுதாக ஒடித்து, ஒரு ஸ்பீட் பிரேக்கரை மெதுவாக ஏறி இறங்குங்கள். ‘கர்ர்’ சத்தம் வந்தால் கடைக்காரர் அடுத்து ஃபெண்டர் விளிம்பை உள்பக்கம் மடிக்கலாம் என்பார். மடித்த இடத்தில் பெயின்ட் வெடித்து, கடற்கரை ஊர்களில் ஒரு மழைக்காலத்துக்குள் துரு எட்டிப் பார்க்கும். டயர் ஃபெண்டரைத் தாண்டி வெளியே நீட்டும் ‘போக்’ ஸ்டைலை எனக்கு எந்த விதத்திலும் நியாயப்படுத்தத் தெரியவில்லை. சேறும் சரளையும் பின்னால் வரும் பைக்காரர் முகத்துக்குப் போகும். ஃபெண்டர் விளிம்போடு டயர் நிற்கும் வரைதான் அழகும் பாதுகாப்பும் சேர்ந்து போகின்றன.

மாட்டும் அன்று பக்கத்தில் நில்லுங்கள்

ஹப்பின் முகத்தை வயர் பிரஷ் போட்டு உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஸ்பேசரை வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. நட்டுகளை முதலில் கையால், பிறகு குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில்தான் நடக்க வேண்டும், ஏர் கன்னில் அல்ல. எந்த அளவு என்பது காரின் மேனுவலில் இருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85-லிருந்து 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். போல்ட் வைத்த ஸ்பேசர் என்றால் உள் நட்டுக்கு ஸ்பேசர் நிறுவனம் சொல்லும் அளவையும் பாருங்கள்.

மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவ விடாதீர்கள். நல்லெண்ணத்தில்தான் தடவுவார்கள். ஆனால் வழுக்கும் மரையில் அதே 100 நியூட்டன் மீட்டர், ஸ்டட்டை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாக இழுத்துவிடலாம்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, சக்கரம் ஆறிய நிலையில், மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். ஸ்பேசர் விஷயத்தில் இந்த ஒரு வேலையைத்தான் அதிகம் பேர் தள்ளிப்போடுகிறார்கள். புது முகங்கள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும் காலம் அது, இழுப்பு குறைவதும் அப்போதுதான். நாலு நட்டில் ஒன்று கால் சுற்று போனால் மறுபடி இறுக்கி, அடுத்த 100 கிலோமீட்டரில் திரும்பப் பாருங்கள். திரும்பவும் போனால் ஏதோ சரியாகப் படியவில்லை என்று அர்த்தம், கழற்றியே ஆக வேண்டும். சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் டார்க் ரெஞ்ச் வாங்க மனம் வராதவர், ஸ்பேசர் வாங்கவும் வேண்டாம் என்பேன்.

ஓட்டும்போது வேகத்துக்கு ஏற்ப ‘டக் டக்’ சத்தமோ, நேற்று இல்லாத நடுக்கமோ வந்தால் அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ஓரம் கட்டி நட்டுகளைப் பாருங்கள். நட்டைச் சுற்றி துரு நீர் வடிந்த கோடு தெரிந்தால் அது தளர்ந்து அசைந்ததன் தடயம். ஒரு ஸ்டட் உடைந்திருந்தால் மற்றவையும் அதே வேதனையை அனுபவித்தவைதான், அந்தச் சக்கரத்தில் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே வாசித்தது. மாற்றங்களுக்கு இடம் தந்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 52-ஆம் பிரிவில் ஸ்பேசர் என்ற சொல் இல்லை. ஆனால் விபத்து நடந்த பிறகு, ‘தயாரிப்பாளர் குறிப்பிடாத பாகம்’ என்று காப்பீட்டு நிறுவனம் ஒரு வரி எழுதினால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். சஸ்பென்ஷன், பேரிங் தொடர்பான வாரன்டிக்கும் இதே நிலைதான்.

இங்கேதான் அரசின் மேலும் ஒரு புகார் இருக்கிறது. ஜெர்மனியிலும் இஷ்டத்துக்கு ஸ்பேசர் போட முடியாது. ஆனால் வழி இருக்கிறது. ஸ்பேசர் நிறுவனம் எந்தக் காருக்கு, எந்தச் சக்கரத்தோடு, எத்தனை மில்லிமீட்டர் வரை என்று சோதனை அறிக்கை வாங்கி வைத்திருக்கும். மாட்டிய பிறகு டியூவ் போன்ற ஆய்வு அமைப்பிடம் காரைக் காட்டினால், அவர்கள் பார்த்துச் சான்று தருவார்கள், அது வாகனத்தின் ஆவணத்தில் ஏறும். இங்கே சாதாரண கார் உரிமையாளருக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. வாசல் இல்லாததால் யாரும் போடாமல் இருக்கிறார்களா என்றால், இல்லை. கடைகள் வெளிப்படையாக விற்கின்றன, ஆன்லைனில் ஒரு க்ளிக்கில் வருகிறது. தரம் பார்க்க ஆளில்லாமல் விற்கப்படுகிறது என்பதுதான் வித்தியாசம். தடை மட்டும் போட்டுவிட்டுப் பரிசோதனையை மறந்தால் சந்தைக்கு வருவது மலிவான வார்ப்பு வட்டுதான்.

அதுவரை உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆவணம் பில். அதில் ஸ்பேசரின் தடிமன், மைய விட்டம், மரை அளவு, எத்தனை நியூட்டன் மீட்டரில் இறுக்கினார்கள் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடை, அந்த எண்களைப் பார்க்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பஞ்சர் ஆகும் நாள்

கடையில் எல்லாம் ஒழுங்காக மாட்டினாலும், ஆறு மாதம் கழித்து விழுப்புரம் தாண்டி ஓரிடத்தில் டயர் பஞ்சர் ஆகும். பஞ்சர் கடை அண்ணனுக்கு ஸ்பேசர் இருப்பதே தெரியாது. சக்கரத்தைக் கழற்றும்போது செருகு வட்டு கையோடு வந்து மண்ணில் விழும். அவர் அதை அப்படியே எடுத்து மாட்டுவார். ஒட்டிய மணல் இரண்டு முகத்துக்கும் நடுவில் சிக்கும். முன்கூட்டியே சொல்லுங்கள், துடைத்து மாட்டச் சொல்லுங்கள், வீடு வந்ததும் நீங்களே டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.

ஸ்டெப்னி மாட்ட வேண்டி வந்தால் அந்தப் பக்கம் ஸ்பேசரைக் கழற்றிவிட்டு, காரோடு வந்த பழைய நட்டு அல்லது போல்ட்டிலேயே மாட்டுவதுதான் பாதுகாப்பு. ஸ்டீல் ரிம்முக்கும் அலாய்க்கும் இருக்கையும் தடிமனும் வேறு. போல்ட் வகைக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஸ்பேசர் இல்லாத ஸ்டெப்னிக்கு நீளமான போல்ட்டைப் போட்டால் அது உள்ளே போய் எதை இடிக்கும் என்று மேலே பார்த்தோம். ஒரிஜினல் போல்ட் செட்டை வீட்டு அலமாரியில் வைக்காமல், ஒரு துணிப் பையில் கட்டி ஜாக்கியோடு டிக்கியிலேயே போட்டுவையுங்கள்.